முதல் அரை மணித்தியாலம்: திறந்த மூல மென்பொருளுக்குப் புதியவர் வழிகாட்டி எழுதுவது

ஒரு திறந்த மூல மென்பொருளைப் பதிவிறக்கியவர் அதைப் பாதியில் விட்டுப் போவதற்கு அதன் செய்நிரல் காரணமாக இருப்பது குறைவு. நிறுவும் பக்கத்தின் மூன்றாம் வரியில் சொன்னது அவருடைய திரையில் வரவில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பக்கம் சொல்லவும் இல்லை. வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கும் ஒரு பிள்ளை, இரவு பத்து மணிக்குப் போன் டேட்டாவில் மடிக்கணினியை இணைத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கிறது என்று வையுங்கள். பக்கத்தில் கேட்க ஆளில்லை. அந்தப் பக்கம்தான் ஆள். அது வாய் மூடினால் மடிக்கணினியையும் மூடிவிட்டுப் படுக்கப் போவதுதான் மிச்சம்.

அந்தப் பக்கத்தை எப்படித் திருத்துவது என்பதே இங்கே விஷயம். செய்நிரலின் மூலத்தை எவரும் பார்க்கலாம், ஓட்டலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம் என்ற உரிமத்தோடு வரும் மென்பொருளைத் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். அதை நிறுவுவது, பயன்படுத்துவது, திருத்துவது பற்றி எழுதப்பட்ட எல்லாமே அதன் ஆவணம். மென்பொருள் மூலங்களை வைத்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்ஹப் நிறுவனம் 2017இல் நடத்திய கருத்துக்கணிப்பில் 93 சதவீதமானோர், ஆவணம் குறையாகவோ பழசாகவோ கிடப்பதைத் தாங்கள் சந்தித்த பிரச்சினையாகச் சொன்னார்கள். அதே கணிப்பில் பங்களிப்பாளர்களில் 60 சதவீதமானோர், ஆவணத்துக்கு எப்போதாவதுதான் எழுதுகிறோம் அல்லது எழுதுவதே இல்லை என்றார்கள். எல்லாருக்கும் தெரிந்த ஓட்டை, அடைக்க ஆளில்லை.

இதன் பாரம் நம் கிழக்கிலங்கைக் கரைக்குப் புரியும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து கல்லடி, நாவலடி, மருதமுனை, கல்முனை என்று அடித்துப்போன பிறகு, இலங்கைக் கணினித் துறையினர் தன்னார்வமாகச் சேர்ந்து எழுதிய திறந்த மூல மென்பொருள் சஹானா. காணாமல்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, எங்கே என்ன உதவி தேவை என்ற பதிவு ஆகியவை அதன் வேலைகள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான 2006ஆம் ஆண்டு விருதை அதற்கு வழங்கியது. அப்படிப்பட்ட மென்பொருளின் முன்னால் முதல் நாள் உட்காருபவர் ஒரு ஆசிரியராக இருப்பார், ஒரு கிராம சேவையாளராக இருப்பார். பயிற்சி எடுக்க அவருக்கு நாளில்லை. முதல் அரை மணித்தியாலத்தில் கை வைக்க முடிந்தால்தான் அது அவருக்குப் பயன்படும்.

புதியவர் வழிகாட்டியை எழுத யார் தகுதியானவர்? மென்பொருளை எழுதியவர் என்று நினைப்போம். ஆனால் அவருடைய கணினியில் தேவையானதெல்லாம் எப்போதோ நிறுவியாகிவிட்டது. விட்டுப்போன படி அவருடைய கண்ணில் படாது. நேற்று வந்து இன்று தடுக்கி விழுந்தவருக்குத்தான் கல் எங்கே கிடக்கிறது என்று தெரியும். அந்தத் தெரியாமை சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள், வாவி இறாலைப் போல அன்றைக்கே எடுக்க வேண்டும். ஒரு கிழமை பழகிவிட்டால் எங்கே விழுந்தோம் என்பது உங்களுக்கே மறந்துபோகும். ஆகவே புதிய மென்பொருள் ஒன்றைத் தொடும் முதல் நாளிலேயே ஒரு கொப்பியைத் திறந்து வைத்து, நின்ற இடத்தையெல்லாம் குறியுங்கள். எந்த வரி, என்ன செய்தீர்கள், திரையில் என்ன வந்தது, எப்படித் தாண்டினீர்கள். இந்த நான்கும் போதும்.

தறியில் கற்பதும் தறி பற்றிப் படிப்பதும்

ஆவணம் என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. டானியேலே புரோசிடா என்பவர் இவற்றைப் பிரித்து, டயடாக்ஸிஸ் என்ற பெயரில் ஒரு முறையாகவே வைத்திருக்கிறார். மருதமுனைக் கைத்தறியை நினைத்தால் அது உடனே விளங்கும்.

முதல் நாள் தறியில் உட்காருபவருக்கு, பாவு கட்டித் தயாராக இருக்கும் தறியைக் கொடுத்து, இப்படி மிதி, இப்படி நாடாவைத் தள்ளு என்று ஒரு சாண் துணி நெய்ய வைப்பது ஒன்று. அது பயிற்சிப் பாடம். ஏற்கெனவே நெய்யத் தெரிந்தவர் பாவு நூல் அறுந்தால் எப்படி முடிவது என்று கேட்டு வந்தால், அதற்கு மட்டும் வழி சொல்வது இன்னொன்று. அது செய்முறைக் குறிப்பு. எந்தச் சேலைக்கு எத்தனை இழை, எந்த எண் நூல் என்ற அட்டவணை மூன்றாவது. பாவுக்கு ஏன் கஞ்சி போடுகிறோம், போடாவிட்டால் நூல் ஏன் உராய்ந்து அறுகிறது என்று விளக்குவது நான்காவது.

முதல் நாள் தறியில் உட்கார்ந்தவரிடம் இழை அட்டவணையை நீட்டினால் என்ன ஆகும்? எழும்பிப் போய்விடுவார். பெரும்பாலான மென்பொருட்களின் ரீட்மீ கோப்பு, அதாவது மூலத்தோடு வரும் அறிமுகப் பக்கம், இந்தத் தவறைத்தான் செய்கிறது. நிறுவும் படிகளுக்கு நடுவே இந்தத் தரவுத்தளத்தை ஏன் தேர்ந்தோம் என்று இரண்டு பந்தி, பிறகு இருபது அமைப்புகளின் பட்டியல், பிறகு மறுபடி ஒரு படி. புதியவருக்கான பக்கத்தில் பயிற்சிப் பாடம் மட்டும் இருக்க வேண்டும். மற்ற மூன்றையும் வேறு பக்கத்துக்கு மாற்றி, கடைசியில் இணைப்புக் கொடுத்தால் போதும்.

பாடத்தில் பாதை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். விண்டோஸ் என்றால் இப்படி, லினக்ஸ் என்றால் இப்படி, டொக்கர் இருந்தால் இப்படி என்று முதல் பக்கத்திலேயே மூன்றாகப் பிரித்தால், தனக்கு எது என்று தெரியாதவர் மூன்றையும் கலந்து செய்வார். அதனால் பக்கத்தின் தலையில் யாருக்கு என்று ஒரு வரி எழுதுங்கள்: "விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருக்கும், உயர்தரத்தில் ஐசிடி படித்த, கிட் பழக்கமில்லாத ஒருவருக்கு." (கிட் என்பது மூலத்தில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி.) இந்த வரியை எழுதியதுமே எதை விளக்க வேண்டும், எதை விடலாம் என்ற குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஒரு வரிக்குள் ஒளிந்திருக்கும் படிகள்

ஓர் எடுத்துக்காட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். ஊர் வாசிகசாலை ஒன்றில் நூல் இரவல் கொடுப்பதைப் பதிய ஒரு சின்ன மென்பொருள், பைதன் மொழியிலும் அதன் ஜாங்கோ என்ற இணையக் கட்டமைப்பிலும் எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் நிறுவும் பக்கத்தில் இப்படி ஒரே வாக்கியம் இருக்கிறது:

"தேவையான பொதிகளை நிறுவி, சூழலை அமைத்து, சேவையகத்தை ஓட்டவும்."

எழுதியவருக்கு இது முழுமையான வாக்கியம். புதியவர் அதன்படி செய்யப் போனால் என்ன நடக்கும்? (கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். உங்கள் பக்கத்தில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே, நகலெடுக்கக்கூடிய பெட்டிக்குள் வையுங்கள்.)

கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலில் பைதன் என்று தட்டுகிறார். பைதன் நிறுவப்படாத விண்டோஸில் அப்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். ஏதோ தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று மூடிவிடுவார். பைதன் தளத்துக்குப் போய் வழக்கமான நிறுவியை எடுத்தால், அதன் முதல் திரையின் அடியில் பாத்தில் (கணினி கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்க்கவா என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். அது இயல்பாகச் சரியிடப்பட்டிருக்காது. அதைத் தவறவிட்டவர் நிறுவி முடித்த பிறகும் பைதன் என்று தட்ட, மறுபடி அதே ஸ்டோர்தான் திறக்கிறது. நிறுவியதை இல்லை என்று சொல்லும் கணினியை நம்பி ஒருவர் எப்படி அடுத்த படிக்குப் போவார்?

பிறகு மூலத்தை எடுக்க வேண்டும். கிட் தெரியாதவருக்கு ஜிப் கோப்பாக இறக்குவது இலகு. ஆனால் விண்டோஸில் எல்லாவற்றையும் பிரி என்று கொடுத்தால், கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை வரும். வெளிக் கோப்புறையில் நின்றுகொண்டு பொதிகளை நிறுவும் கட்டளையைக் கொடுத்தால் கோப்பைக் காணோம் என்று பிழை வரும். பக்கத்தில் இதற்கு ஒரு வரி போதும்: "டிர் என்று தட்டுங்கள். பட்டியலில் மேனேஜ் டொட் பிவை என்ற கோப்பு தெரிந்தால் சரியான இடத்தில் நிற்கிறீர்கள். தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புறைக்குள் போங்கள்."

அடுத்து மெய்நிகர் சூழல், அதாவது இந்த மென்பொருளுக்கான பொதிகளை மட்டும் தனியே வைக்கும் இடம். இதைச் செயற்படுத்தும் கோப்பை பவர்ஷெல் என்ற கட்டளை ஜன்னலில் ஓட்டினால், இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று சிவப்பில் வரும், ஏனெனில் சாதாரண விண்டோஸில் அது இயல்பாகவே மூடப்பட்டிருக்கிறது. பல வழிகாட்டிகள் உடனே அந்தப் பாதுகாப்பு அமைப்பை மாற்றச் சொல்கின்றன. முதல் நாள் வந்தவரைப் பாதுகாப்பு அமைப்பில் கை வைக்கச் சொல்வது நல்லதல்ல. பவர்ஷெல்லுக்குப் பதில் பழைய கமாண்ட் ப்ராம்டைத் திறக்கச் சொன்னால் இந்தத் தடையே வராது. பாதையைத் தெரிவு செய்யும் உரிமை எழுதுபவரிடம் இருக்கிறது, கல் இல்லாத பாதையைத் தெரிவு செய்யுங்கள்.

பிறகு அமைப்புக் கோப்பு. டொட் என்வ் என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாக்குங்கள் என்று எழுதியிருக்கும். புதியவர் நோட்பேடைத் திறந்து அந்தப் பெயரில் சேமிக்கிறார். நோட்பேட் அதன் வாலில் டொட் டெக்ஸ்ட் என்று தானாகச் சேர்த்துவிடும். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை இயல்பாக மறைத்து வைப்பதால் பார்வைக்குப் பெயர் சரியாகவே தெரியும். மென்பொருளோ கோப்பைக் காணோம் என்று நிற்கும். கண்ணெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்கிறது, இரவு பதினொரு மணிக்கு. இதைத் தவிர்க்க, மாதிரிக் கோப்பு ஒன்றை மூலத்தோடு சேர்த்துக் கொடுத்து, அதைப் பிரதி எடுக்கும் கட்டளையை எழுதினால் நோட்பேட் நடுவில் வரவே தேவையில்லை.

தரவுத்தளத்தை உருவாக்கும் மைக்ரேட் கட்டளையை விட்டுவிட்டால், அட்டவணை இல்லை என்ற பிழை பின்னால் வேறெங்கோ வந்து குழப்பும். நிர்வாகிக் கணக்கை உருவாக்கும்போது கடவுச்சொல் தட்டினால் திரையில் எழுத்தும் வராது, புள்ளியும் வராது. விசைப்பலகை பழுது என்றே பலர் நினைக்கிறார்கள். "தட்டுவது தெரியாது, தட்டி முடித்து என்டர் கொடுங்கள்" என்ற ஒரு வரி இல்லாமல் இந்தப் படியை எழுதவே கூடாது.

கடைசிப் படி மற்ற எல்லாவற்றையும்விட ஏமாற்றும். ரன்சேர்வர் கட்டளையைக் கொடுத்ததும் நான்கைந்து வரிகள் வந்து டெர்மினல் அப்படியே நிற்கும். சேவையகம் ஓடுகிறது என்பதன் அடையாளமே அந்த நிற்றல்தான். புதியவருக்கு அது உறைந்துபோனதாகத் தெரியும். ஜன்னலை மூடிவிட்டு உலாவியில் 127.0.0.1:8000 என்ற முகவரியைத் திறப்பார். மூடியபோதே சேவையகமும் நின்றுவிட்டது, இணைக்க முடியவில்லை என்று வரும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர், கடைசி அடியில் தோற்றதாக எண்ணி எழும்புகிறார். போதாக்குறைக்கு, விண்டோஸில் ஜாங்கோ அதை நிறுத்தக் கொன்ட்ரோலும் பிரேக் விசையும் அழுத்தச் சொல்லும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் பிரேக் விசையே இல்லை. கொன்ட்ரோல் சி போதும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தக் கடைசிப் படியை இப்படி எழுதலாம்:

"7. சேவையகத்தை ஓட்டுங்கள். கீழுள்ள கட்டளையைக் கொடுத்து என்டர் அழுத்துங்கள். சில நொடிகளில் ஸ்டார்ட்டிங் டெவலப்மென்ட் சேர்வர் என்று தொடங்கும் வரி வரும். அதன் பிறகு டெர்மினல் அசையாமல் நிற்கும். அது சரி, மூட வேண்டாம். இப்போது உலாவியில் மேலே சொன்ன முகவரியைத் திறந்தால் நூல் பட்டியல் என்ற தலைப்போடு வெறுமையான அட்டவணை தெரியும். தெரியாவிட்டால் டெர்மினலின் கடைசி வரியைப் பாருங்கள். போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற பொருளில் ஏதும் இருந்தால், கட்டளையின் முடிவில் 8001 சேர்த்து மறுபடி ஓட்டி, முகவரியிலும் 8001 என்று மாற்றுங்கள். நிறுத்த, கொன்ட்ரோல் சி."

இந்தப் பந்தியின் கட்டமைப்பைக் கவனியுங்கள். செய்ய வேண்டியது ஒன்று, திரையில் காண வேண்டியது ஒன்று, காணாவிட்டால் செய்வது ஒன்று. ஒவ்வொரு படிக்கும் இந்த மூன்றும் வேண்டும். ஜோன் கரோல் என்ற ஆய்வாளர் 1980களில் ஐபிஎம்மில் கணினி பழகுவோரை அவதானித்தபோது, அவர்கள் கையேட்டை முதலிலிருந்து வாசிப்பதில்லை, நேரே செய்யத் தொடங்குகிறார்கள், பிழை செய்கிறார்கள், பிழையிலிருந்து மீளும் வழியைத்தான் தேடுகிறார்கள் என்று கண்டார். அதனால் மீளும் வழியைப் பக்கத்தின் அடியில் தனிப் பகுதியாக ஒதுக்காமல், பிழை நடக்கும் படியின் கீழேயே எழுதுங்கள். பிழைச் செய்தியை ஆங்கிலத்தில் வந்தபடியே எழுத்தாக இடுங்கள், படமாக அல்ல. எழுத்தாக இருந்தால்தான் அந்தச் செய்தியைத் தேடுபவருக்கு உங்கள் பக்கம் அகப்படும்.

சின்ன விஷயங்கள் சில. கட்டளைக்கு முன் டொலர் குறி போடாதீர்கள், அதையும் சேர்த்து நகலெடுப்பார்கள். வேர்டில் எழுதி ஒட்டினால் நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறிக் கட்டளை வேலை செய்யாது. "சும்மா இதைத் தட்டினால் போதும்", "இது மிக இலகு" போன்ற சொற்களை எடுத்துவிடுங்கள், அது இலகுவாக அமையாத பிள்ளைக்கு அந்தச் சொல் குத்தும். எவ்வளவு டேட்டா செலவாகும் என்று தலையிலேயே சொல்லுங்கள். விண்டோஸுக்கான பைதன் நிறுவி ஏறத்தாழ 25 முதல் 30 எம்பி, கிட் அதன் இரண்டு மடங்குக்கும் மேல். டேட்டா அட்டை போட்டு வேலை செய்பவருக்கு இந்த எண் முதல் படியைவிட முக்கியம். மூலக் களஞ்சியம் பெரிதென்றால், முழு வரலாறும் வேண்டாம், கடைசி நிலை மட்டும் போதும் என்று சொல்லும் டெப்த் ஒன்று என்ற தெரிவோடு, மூலத்தைப் பிரதி எடுக்கும் கிட்டின் குளோன் கட்டளையைக் கொடுங்கள்.

தமிழில் எழுதினால் வரும் சிக்கல்கள்

எந்தத் தமிழ் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். நம் பாடநூல்களில் பணிசெயல் முறைமை, செய்நிரல், தொழினுட்பம் என்று படித்தவர், தமிழ்நாட்டுக் கட்டுரையில் இயங்குதளம், நிரல், தொழில்நுட்பம் என்று காண்கிறார். இரண்டும் நல்ல தமிழே. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்திலிருந்தே, இரு கரைக்கும் பொதுவான சொல் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அது முடியும்வரை காத்திருக்க முடியாது. உங்கள் வாசகர் படித்த சொல்லைப் பயன்படுத்துங்கள், முதல் தடவை வரும்போது மற்றச் சொல்லையும் ஒருமுறை சொல்லுங்கள். பிறகு பக்கம் முழுக்க ஒரே சொல்லில் நில்லுங்கள். கோப்புறை என்று தொடங்கி அடைவு என்று மாறினால், அது வேறொரு பொருள் என்றே புதியவர் எண்ணுவார்.

திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் பொத்தானின் பெயரைத் தமிழாக்க வேண்டாம். சேவ் என்ற பொத்தான் திரையில் அப்படியே இருக்க, நீங்கள் "சேமி பொத்தானை அழுத்துக" என்று எழுதினால் அவர் எங்கே தேடுவார்? மென்பொருளின் இடைமுகமே தமிழாக்கப்பட்டிருந்தால் மட்டும் தமிழ்ப் பெயர்.

பாமினி இன்னொரு சிக்கல். பாமினி ஒரு எழுத்துரு மட்டுமே. அதில் அம்மா என்று தட்டினால் உள்ளே சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அவை அப்படியே தெரியும், தேடலிலும் அகப்படாது. இந்த மாவட்டங்களில் பழைய கோப்புகள் நிறைய அப்படித்தான் இருக்கின்றன. வாசிகசாலையின் நூல் பட்டியல் பாமினியில் இருந்தால், அதை யுனிகோடுக்கு மாற்றிய பிறகே மென்பொருளில் ஏற்ற வேண்டும் என்பதை வழிகாட்டியில் ஒரு படியாகவே எழுதுங்கள்.

ஏற்றுமதியிலும் ஒரு குழி. தமிழ்ப் பெயர்களோடு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பை எடுத்து எக்செல்லில் இரட்டைச் சொடுக்கித் திறந்தால் பெயரெல்லாம் பொருளற்ற குறிகளாக வரலாம். தரவு அழிந்துவிட்டது என்று பயந்து, அதே கோப்பைச் சேமித்து உண்மையாகவே அழித்துவிடுவார்கள். கோப்பு சரியாகத்தான் இருக்கிறது, எக்செல் அதை யுடிஎஃப் 8 என்ற யுனிகோட் குறிமுறையில் உள்ளது என்று அறியவில்லை. டேட்டா தாவலில் டெக்ஸ்ட் அல்லது சிஎஸ்வியிலிருந்து என்பதைத் தெரிந்து, கோப்பின் குறிமுறையாக 65001 யுனிகோட் என்பதைக் கொடுத்தால் தமிழ் சரியாக வரும். ஆங்கில ஆவணங்களில் இந்தப் படி அநேகமாக இருக்காது, ஏனெனில் ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு இந்தப் பிழையே தென்படாது. நம்மவர்தான் இதை எழுத வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தல்

எழுதியது சரியா என்று அறிய ஒரே வழி, அதைப் பார்த்திராத ஒருவர் செய்வதைப் பார்ப்பது. யாக்கோப் நீல்சன் என்ற பயன்பாட்டு வல்லுநரின் கணக்குப்படி, ஐந்து பேர் பயன்படுத்துவதைப் பார்த்தாலே குறைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் தெரிந்துவிடும். ஐந்து பேர் கிடைக்காவிட்டால் ஒருவர் போதும், முதலாமவரே பெரிய கற்களையெல்லாம் காட்டிவிடுவார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இதற்குப் பொருத்தமானவர்கள். கணினி தெரியும், இந்த மென்பொருள் தெரியாது.

பக்கத்தில் உட்காருங்கள், விசைப்பலகையைத் தொடாதீர்கள். "நாங்கள் சோதிப்பது இந்தப் பக்கத்தை, உங்களை அல்ல" என்று முதலிலேயே சொல்லுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லக் கேளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் மட்டும் உதவுங்கள், உதவிய இடத்தைக் குறியுங்கள். வாயில் வந்த சொல்லை வந்தபடியே எழுதுங்கள். "இது ஓடுதா, நிண்டுட்டா?" என்று கேட்டால் ஏழாம் படியில் அந்த ஒரு வரி இல்லை. "மறுகா என்ன செய்யிற?" என்று கேட்டால் படி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வாய் திறந்து விளக்க வேண்டும் என்று உங்களுக்குத் துடிக்கும் ஒவ்வொரு இடமும் பக்கத்தில் எழுத வேண்டிய ஒரு வரி. அரை மணித்தியாலம் போதும். அதற்குள் முதல் பலன் திரையில் தெரியாவிட்டால் பாடம் நீளம், இரண்டாக வெட்டுங்கள்.

திருத்தத்தை அனுப்புதல்

கிட்ஹப்பில் இருக்கும் ஆவணத்தைத் திருத்தக் கணினியில் கிட் நிறுவ வேண்டிய அவசியம்கூட இல்லை. கணக்கொன்று திறந்து உள்நுழைந்து, அந்தக் கோப்பைத் திறந்தால் மேல் ஓரத்தில் பென்சில் படம் இருக்கும். அதை அழுத்தி, ஃபோர்க் திஸ் ரெப்போசிட்டரி என்ற பொத்தான் வந்தால் அதையும் அழுத்தினால், உங்கள் கணக்கில் ஒரு பிரதி உருவாகும். திருத்தி, ப்ரொபோஸ் சேஞ்சஸ் என்பதை அழுத்தி, அடுத்த திரையில் புல் ரிக்வெஸ்டை, அதாவது திருத்தத்தை ஏற்கும்படி கேட்கும் விண்ணப்பத்தை, உருவாக்கினால் திருத்தம் பராமரிப்பாளரிடம் போய்ச் சேரும். அதற்கு முன் கொன்ட்ரிபியூட்டிங் என்ற கோப்பு இருந்தால் வாசியுங்கள், அவர்களுடைய ஒழுங்கு அதில் இருக்கும்.

ஒரு திருத்தத்தில் ஒரு குறை மட்டும். ஆர்வத்தில் முழுப் பக்கத்தையும் மாற்றி எழுதி அனுப்பினால், அதைச் சரிபார்க்கப் பராமரிப்பாளருக்கு ஒரு பின்னேரம் வேண்டும், ஆகவே அது மாதக்கணக்கில் கிடக்கும். நான்கு வரித் திருத்தத்தைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஏற்றுக்கொள்ளலாம். விளக்கத்தில் உங்கள் விண்டோஸ் எது, பைதன் எந்தப் பதிப்பு, எந்தப் படி, வந்த பிழைச் செய்தி எழுத்தாக, நீங்கள் சேர்த்த வரி அதை எப்படித் தீர்த்தது என்று எழுதுங்கள். ஆங்கிலம் அழகாக இருக்க வேண்டியதில்லை. குட்டி வாக்கியங்களே நல்லது. இரண்டு கிழமை பதிலில்லை என்றால் மரியாதையாக ஒருமுறை நினைவூட்டலாம். பெரும்பாலான பராமரிப்பாளர்கள் சம்பளமில்லாமல் இரவில் இதைப் பார்ப்பவர்கள்.

தமிழாக்கம் அனுப்புவதாக இருந்தால், மூலத்தின் எந்தப் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தீர்கள் என்று முதல் வரியிலேயே குறியுங்கள். ஆங்கிலப் பக்கம் மாறித் தமிழ்ப் பக்கம் அப்படியே கிடந்தால், தமிழை நம்பி வந்தவர்தான் வழி தவறுவார். முழு ஆவணத்தையும் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட, புதியவருக்கான ஒரு பக்கத்தை மட்டும் தமிழில் வைத்து, அதை ஒழுங்காகப் புதுப்பிப்பது மேல்.

பராமரிப்பாளர் பக்கத்திலும் ஒரு விதி வேண்டும். செய்நிரலில் ஒரு படியை மாற்றும் திருத்தம், ஆவணத்தில் அந்தப் படியையும் அதே திருத்தத்தில் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஏற்பதில்லை. பக்கத்தின் தலையில் "கடைசியாகச் சோதித்தது" என்று திகதியும் பதிப்பு எண்களும் இருக்கட்டும். மறுபடி சோதிப்பதற்குச் சுத்தமான கணினி வேண்டும், ஏனெனில் உங்கள் கணினியில் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. விண்டோஸ் ப்ரோவில் சேண்ட்பாக்ஸ் என்ற வசதி உண்டு, மூடினால் உள்ளே செய்ததெல்லாம் அழிந்து, அடுத்த தடவை புதிதாகத் திறக்கும். ஹோம் பதிப்பில் அது கிடையாது, அங்கே வெர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸை நிறுவி, எதுவும் சேர்க்காத நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், ஒவ்வொரு சோதனைக்கும் அந்த நிலைக்கே திரும்பலாம். அதற்கும் மடிக்கணினியின் நினைவகம் இடம் கொடாவிட்டால், இந்த மென்பொருளைத் தொட்டிராத ஒரு நண்பரின் கணினியைக் கேட்டு வாங்குங்கள். கூடவே அந்த நண்பரையும் உட்கார வையுங்கள்.